வீட்டுப்பாடமும் வீட்டாரும்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி)

மாணவியரின் பள்ளி வாழ்வில் வீட்டுப்பாடத்தைப் போல் நாள்தோறும் பேசப்படும் பொருள் வேறொன்று இருக்க முடியாது. காலையில் வகுப்பறைக்குள் நுழையும்போதே “நீ முடித்துவிட்டாயா?” என்னும் கேள்விதான் முதலில் எழுகிறது. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் அன்னையர் சொல்லும் குறையும் ஆசிரியைகள் சொல்லும் குறையும் பெரும்பாலும் இதைப் பற்றியனவே. “வீட்டில் உட்கார்ந்து எழுதவே மாட்டேன் என்கிறாள், சிஸ்டர். நீங்கள்தான் கண்டிக்க வேண்டும்” என்பார் தாயார். “பள்ளியில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அம்மா. வீட்டில் நீங்கள்தான் கவனிக்க வேண்டும்” என்பார் ஆசிரியை. இருவருக்கும் நடுவில் அந்தச் சிறுமி தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளுடைய பக்கத்திலிருந்து சில செய்திகளைச் சொல்ல விரும்பியே இக்கட்டுரையை எழுதுகிறேன். என் வீட்டில் நான்காம் வகுப்புப் படிக்கும் தங்கையும், எட்டாம் வகுப்புப் படிக்கும் தம்பியும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரும் மாலையில் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து அவர்களோடு அமர்ந்து படிப்பார்கள். ஆகவே இங்கு நான் எழுதுவதில் பாதி நூல்களில் படித்தது. மீதி அந்த முன்னறையில் கண்டது.

வீட்டுப்பாடம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்று என் தங்கையைக் கேட்டால், “நோட்டில் டீச்சர் கையெழுத்துப் போடுவதற்கு” என்பாள். பெரியவர்களில் பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். நோட்டு நிரம்பியிருந்தால் பிள்ளை படித்துவிட்டாள் என்று மனநிறைவு கொள்கிறார்கள். ஆனால் அழகிய கையெழுத்தில் பக்கம் பக்கமாக எழுதிய பிள்ளை, வாரத் தேர்வில் அதே வினாவுக்கு விடை தெரியாமல் விழிப்பதையும் நாம் பார்க்கிறோம் அல்லவா? இதற்குக் காரணம் சோம்பலோ மந்தபுத்தியோ அன்று. மறதி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிந்தால் இது விளங்கும்.

ஜெர்மனி நாட்டு அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர் 1885ஆம் ஆண்டில் நினைவாற்றலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பொருளே இல்லாத சிறு சிறு அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்று தம்மையே வைத்துச் சோதித்துப் பார்த்தவர் அவர். அதே வரிசையை மறுபடி படிக்கும்போது எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதே அவருடைய அளவுகோல். 1 மணி நேரம் கழிவதற்குள்ளாகவே பாதிக்கு மேல் நழுவிவிட்டது. மறுநாள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே எஞ்சியிருந்தது. வியப்பு என்னவென்றால், அதற்குப் பிறகு மறதியின் வேகம் தணிந்துவிட்டது. 1 மாதம் கழிந்த பிறகும் ஐந்தில் ஒரு பங்கு நின்றது. பாடங்கள் பொருளுள்ளவை ஆகையால் இவ்வளவு விரைவாக மறந்துபோவதில்லை. ஆயினும் முதல் நாளில்தான் இழப்பு மிகுதி என்பது பாடத்துக்கும் பொருந்தும். காலையில் கேட்ட பாடத்தை அன்று மாலையே ஒருமுறை தொட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் வீட்டுப்பாடம் கொடுக்கப்படுகிறது. வெள்ளிக்கிழமைப் பாடத்தை ஞாயிறு இரவு 9 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எழுதுவதால் நோட்டு மட்டுமே நிரம்பும்.

எப்படித் தொடுவது என்பதிலும் ஒரு செய்தி உண்டு. 2006ஆம் ஆண்டில் ரோடிகர், கார்பிக்கி என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் இருவர் கல்லூரி மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலரை அதையே மீண்டும் படிக்கச் சொன்னார்கள். மற்றவர்களைப் பகுதியைப் பார்க்காமல் நினைவில் உள்ளதை எழுதச் சொன்னார்கள். 5 நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது, திரும்பப் படித்தவர்களே சற்று முந்தினார்கள்: அவர்களுக்கு 81 விழுக்காடு, மற்றவர்களுக்கு 75. ஆனால் 1 வாரம் கழித்து வைத்த தேர்வில் திரும்பப் படித்தவர்கள் 42 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டார்கள். பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள் 56 விழுக்காட்டில் நின்றார்கள். பத்து முறை வாய்விட்டு வாசித்துவிட்டு “எனக்கு எல்லாம் வந்துவிட்டது” என்று எழுந்து ஓடும் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். அவர்கள் பொய் சொல்வதில்லை. அந்த 5 நிமிடத்திற்கு எல்லாம் வந்துதான் இருக்கிறது!

இவ்விடத்தில் தாய்மார்களிடம் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். “எனக்குப் படிப்பு இல்லை. பிள்ளை இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறது. நான் எப்படிப் பார்த்துக்கொள்வேன்?” என்று மனம் வருந்திக் கேட்கும் அன்னையர் எங்கள் ஊரில் ஏராளம். விடியுமுன் அளத்துக்குப் போய் உப்பு வாரிவிட்டு வெயிலில் திரும்பும் தாயார், மாலையில் பிள்ளையின் நோட்டைப் பிரித்து என்ன பார்க்க முடியும்? கடன் வாங்கியாவது டியூஷனுக்கு அனுப்புவதே வழி என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் அந்த 2006ஆம் ஆண்டுச் சோதனையை நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்குத் தேவைப்படுவது, புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு “இதில் என்ன சொல்லியிருக்கிறது? எனக்குச் சொல்லு பார்ப்போம்” என்று கேட்கும் ஒருவர்தான். புத்தகத்தை மூடுவதற்கு எழுத்தறிவு வேண்டியதில்லை. கேட்பவருக்கு விடை தெரியாமல் இருப்பதுகூட ஒரு வகையில் நல்லதே. தெரிந்தவரிடம் பிள்ளை அரைகுறையாகச் சொல்லித் தப்பிவிடும். தெரியாதவருக்கு முழுவதும் விளக்கியாக வேண்டும்.

நடைமுறையில் இதைச் செய்வது மிக எளிது. பிள்ளை ஒரு பத்தியைப் படித்ததும் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அது தன் சொந்த வார்த்தையில் சொல்லட்டும். இடையில் தடுமாறினால் திட்ட வேண்டாம். புத்தகத்தைத் திரும்பக் கொடுங்கள். தடுமாறிய இடத்தை அதுவே தேடிப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக் கொடுக்கும். ஆங்கிலச் சொற்களுக்கு எழுத்துக்கூட்டுவதாயின், சிலேட்டில் பார்க்காமல் எழுதச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தில் உள்ள சொல்லும் சிலேட்டில் உள்ள சொல்லும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று ஒவ்வோர் எழுத்தாகப் பிள்ளையே விரல் வைத்துக் காட்டட்டும். கோலத்தில் ஒரு புள்ளி தப்பினால் கண்டுபிடிக்கும் கண்ணுக்கு, ஓர் எழுத்து மாறியிருப்பது தெரியாதா? வாய்ப்பாட்டை வரிசையாக ஒப்பிக்கச் சொல்லாமல் “ஏழெட்டு எத்தனை? ஒன்பதாறு எத்தனை?” என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். கடையில் காசு எண்ணி வாங்கும் எந்தத் தாய்க்கும் இது பெரிய காரியமன்று.

சில பாடங்களில் தாய் புத்தகத்தையே மிஞ்சிவிடுவதும் உண்டு. சென்ற ஆண்டு பக்கத்து வீட்டுப் பெண், ‘நீர்மம் ஆவியாதல்’ என்று ஒரு பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். வெப்பம், காற்று, பரப்பு ஆகியவற்றால் ஆவியாதல் மிகும் என்று இராகம் போட்டுச் சொன்னாள். அவள் தாயார் அளத்தில் வேலை செய்பவர். “உப்புப் பாத்தியை ஏன் கிணறு மாதிரி ஆழமாக வெட்டாமல் பரப்பாக வெட்டியிருக்கிறார்கள்?” என்று கேட்டார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. “காற்று அடித்தால் உப்பு சீக்கிரம் விளையும், மேகம் மூடினால் விளையாது. அதுவும் உன் புத்தகத்தில் இருக்கிறதா?” என்று அடுத்த கேள்வியையும் போட்டார். அன்றைக்குத்தான் அந்தப் பாடம் அவளுக்கு உண்மையில் புரிந்தது. அதற்கு முன் அவள் அதை ஏழெட்டு முறையாவது எழுதியிருப்பாள். தையல் தைக்கும் தாய்க்குப் பின்னமும் அளவையும் தெரியும். இட்லி மாவு புளிக்க வைப்பவருக்கு நொதித்தலைப் பற்றித் தெரியும். பாடப்புத்தகத்தில் அவற்றுக்கு வேறு பெயர் இருக்கிறது, அவ்வளவுதான்.

இனிப் பழக்கத்தைப் பற்றிப் பார்ப்போம். “தினமும் படி, படி” என்று கத்தினால் பழக்கம் வருமா? இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி என்பவரும் அவருடைய குழுவினரும் 96 பேரை 12 வாரங்கள் கவனித்து, 2010ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு சிறு செயலைத் தேர்ந்துகொண்டு, தினமும் ஒரே அடையாள வேளையில் அதைச் செய்ய வேண்டும். மதிய உணவோடு ஒரு பழம் உண்பது, காலை உணவுக்குப் பின் ஏதேனும் ஒன்றைச் செய்வது என்பன போன்ற எளிய செயல்களே. அது நினைக்காமலே நடக்கும் பழக்கமாக மாறுவதற்கு எடுத்த காலம் நடுவாக 66 நாட்கள். சிலருக்கு 18 நாட்களே போதுமாயிருந்தன. சிலருக்கு 254 நாட்கள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டார்கள். எனவே ஒரு வாரம் கட்டாயப்படுத்திப் பார்த்துவிட்டு, “இவளுக்கு வராது” என்று கைவிடும் பெற்றோர் சற்றுப் பொறுக்க வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தொடங்கினால் ஆகஸ்டு நடுவில்தான் பலன் தெரியும். இடையில் ஒரு நாள் தவறினால் கெட்டுவிடாது என்பதும் அவர்கள் கண்ட முடிவே. திருவிழா, கல்யாணம், காய்ச்சல் எல்லாம் வரத்தான் செய்யும். மறுநாள் அதே வேளையில் உட்கார்ந்தால் போதும்.

இதில் ‘அடையாள வேளை’ என்பதுதான் உயிர்நாடி. கடிகாரத்தைப் பார்த்து “மணி ஆகிவிட்டது, உட்கார்” என்று அம்மா சொன்னால் அது அம்மாவின் கட்டளை, அதனோடு வாதாடலாம். எங்கள் தெருவுக்குக் கோவில் மணி நன்றாகக் கேட்கும். மாலை 6 மணிக்குத் திரிகால மணி அடித்ததும் ஆச்சி செபம் சொல்வார். செபம் முடிந்ததும் பாய் விரிக்கப்படும். மணியோடு யார் வாதாட முடியும்? மற்ற வீடுகளில் விளக்கேற்றும் நேரமோ, மாலைப் பாங்கோசையோ, அப்பா மில்லிலிருந்து திரும்பும் சைக்கிள் மணியோ அந்த வேலையைச் செய்யலாம். அன்றாடம் தவறாமல் நிகழ்வதாக இருந்தால் போதும்.

ஆனால் பள்ளி விட்டு வந்ததும் வராததுமாகப் பிள்ளையைப் பிடித்து உட்கார வைக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று. காலை முதல் மாலை வரை பெஞ்சில் உட்கார்ந்தவர்களைத் திரும்பவும் உட்காரச் சொல்வது எப்படி நியாயம்? முகம் கழுவி, ஒரு வாய் தின்று, தெருவில் ஒரு மணி நேரம் ஓடியாடிவிட்டு வரட்டும். கருப்பட்டிக் காப்பியும் பாண்டி விளையாட்டும் தராத தெம்பை எந்த டானிக்கும் தராது என்பது என் துணிபு.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தனி அறையும் மேசையும் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பாயும் ஒரு பலகையும் போதும். வெளிச்சம் மட்டும் குறையக் கூடாது. ஆனால் ஒரு சிறு சூழ்ச்சியைச் சொல்லியே ஆகவேண்டும். என் தங்கையின் பென்சில் முனை கணக்கு நோட்டைத் திறந்தால் மட்டும் ஒடியும்! பிறகு துருவியைத் தேட வேண்டும். துருவியைக் கண்டால் ரப்பர் காணாது. ரப்பர் கிடைக்கும்போது தாகம் எடுக்கும். இதற்கு மருந்தாக ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் சீவிய பென்சில் இரண்டு, துருவி, ரப்பர், அடிக்கோல் எல்லாவற்றையும் போட்டுப் பாயின் மேல் வைத்துவிட்டேன். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். அவளுக்கு எழுந்திருக்கச் சாக்குக் கிடைக்காமல் போய்விட்டது.

முன்னாளில் இல்லாத தொல்லை ஒன்று இப்போது உண்டு. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடமும் வீட்டுப்பாடமும் கைப்பேசி வழியாக வந்தன. பள்ளிகள் திறந்த பின்னும் பல இடங்களில் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பிலேயே வருகிறது. அதைப் பார்ப்பதற்காகக் கைப்பேசியை வாங்கும் பிள்ளை அதோடு திருப்பிக் கொடுத்துவிடுகிறதா? ஆகவே வீட்டுப்பாடத்தை முதலில் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு, கைப்பேசியைப் பெரியவர்கள் அலமாரியில் ஏற்றிவிட வேண்டும். அந்த ஒரு மணி நேரம் பெரியவர்களும் அதைத் தொடாதிருந்தால் இன்னும் சிறப்பு. தொலைக்காட்சித் தொடரில் மாமியார் அழும் சத்தம் கேட்கும்போது எந்தப் பிள்ளைக்கும் கணக்கு ஓடாது. ஆசிரியப் பெருமக்களிடமும் பணிவான விண்ணப்பம் ஒன்று உண்டு. பாடவேளை முடியும் மணி அடித்த பிறகு அவசரமாகச் சொல்லப்படும் வீட்டுப்பாடத்தைக் கடைசி வரிசையில் இருப்பவர்கள் அரைகுறையாகவே குறித்துக்கொள்கிறார்கள். பாடத் தொடக்கத்திலேயே கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவிட்டால், கைப்பேசியைத் திறக்க வேண்டிய அவசியமே குறைந்துவிடும்.

எவ்வளவு நேரம் என்பதிலும் அளவு வேண்டும். எழுத்தாளர் ஆர். கே. நாராயண் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது பள்ளிப் பிள்ளைகளின் சுமையைப் பற்றி மனம் வருந்திப் பேசினார். பேராசிரியர் யஷ்பால் குழு 1993ஆம் ஆண்டில் சுமையில்லாத கற்றலை வலியுறுத்தி அறிக்கை தந்தது. 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் உத்தரவிட்டது. மத்தியக் கல்வி அமைச்சகம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கையும் 2ஆம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறது. 3 முதல் 5ஆம் வகுப்பு வரை வாரத்திற்கு 2 மணி நேரம், 6 முதல் 8ஆம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 1 மணி நேரம், அதற்கு மேல் நாளொன்றுக்கு 2 மணி நேரம் என்பதே அது கூறும் உச்ச அளவு. முதல் வகுப்புப் பிள்ளை மூன்று பக்கம் எழுதி முடித்தால்தான் சோறு என்று சொல்லும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். அந்த வயதுப் பிள்ளையை மடியில் இருத்திக் கதை சொல்லச் சொல்லிக் கேட்டாலே போதும்.

பிள்ளைக்காகப் பெரியவர்களே எழுதிக் கொடுப்பதைப் பற்றிச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. புராஜெக்ட் என்றால் கடையில் விற்கும் ஆயத்தப் படத்தை வாங்கி ஒட்டி, தலைப்பையும் அம்மாவே வண்ண மையில் எழுதிவிடுகிறார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளையின் நோட்டில் முப்பத்தைந்து வயதுக் கையெழுத்து இருந்தால் ஆசிரியைக்குத் தெரியாதா? கோணலாக இருந்தாலும் பிள்ளை ஒட்டியதே அதனுடையது.

இவ்வளவும் சொன்ன பிறகு, எனக்கு மிக முக்கியமாகப் படும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாலை 6 மணி முதல் 7 மணி வரை என்பது வீட்டுப்பாட நேரம் மட்டுமன்று. தண்ணீர் வந்து வீட்டுக்குள் சேரும் நேரம், இரவுச் சமையலுக்கு அரிசி களையும் நேரம், கைக்குழந்தை அழும் நேரம், கடைக்கு ஆளனுப்பும் நேரமும் அதுவே. இவற்றுக்கெல்லாம் வீட்டில் யாரை அழைக்கிறார்கள்? இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டில், 6 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் நாள் முழுவதையும் எப்படிச் செலவிடுகிறார்கள் என்று நாடெங்கும் கணக்கெடுத்தது. ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், அவ்வாறு ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகிறார்கள் என்று அதில் தெரிந்தது. இந்த 299 நிமிடங்கள் கல்யாணத்துக்குப் பிறகு திடீரென்று வந்துவிடுவதில்லை. “ஏட்டி, இங்கே வா” என்ற அழைப்பில் ஆறேழு வயதிலேயே தொடங்கிவிடுகின்றன.

பெண்பிள்ளைகள் வேலை செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் பள்ளியிலும் அருட்சகோதரியர் தோட்டவேலை முதல் துப்புரவு வரை எங்கள் கையாலேயே செய்யப் பழக்குகிறார்கள். அதனால் எங்களுக்குக் குறைவு ஏதும் வந்துவிடவில்லை. எந்த வேளையில், யார், எவ்வளவு என்பதே கேள்வி. ஒரு கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுத் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துத் திரும்பி வரும் பெண்ணுக்கு, அந்தக் கணக்கு முதல் வரியிலிருந்துதான் ஆரம்பமாகும். ஒரு மணி நேரத்தில் நான்கு முறை அழைக்கப்பட்டவள் ஒரு மணி நேரம் படித்ததாகவே வீட்டில் கணக்கு. அவளுக்கோ ஒரு கணக்கும் முடிந்திருக்காது. பிறகு “இவளுக்குப் படிப்பு ஏறவில்லை” என்று ஒரு தீர்ப்பு! பத்தாம் வகுப்போடு நிறுத்தப்படும் பெண்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே படிப்பு ஏறவில்லை, எத்தனை பேருக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை என்று யாராவது பார்த்தார்களா?

எங்கள் முன்னறைக்கு வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரில் அண்ணன் ஒன்பதாம் வகுப்பு, தங்கை ஏழாம் வகுப்பு. அளத்து உப்பைக் கேட்ட அதே தாயாரின் பிள்ளைகளே. கோவில் மணி அடித்ததும் அண்ணன் வந்து பாயில் முதல் ஆளாக உட்கார்ந்துவிடுவான். தங்கை வரும்போது மணி ஆறே முக்கால் ஆகியிருக்கும். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, அரிசி களைந்து, அடுப்படியை ஒழுங்குபடுத்திவிட்டு வருவாள். நாங்கள் பாய் சுருட்டும்போது அவள் பாதியில் இருப்பாள். அண்ணனுடைய நாட்குறிப்பில் ‘நன்று’ என்றும், இவளுடைய நாட்குறிப்பில் ‘வீட்டுப்பாடம் முடிக்கவில்லை’ என்றும் சிவப்பு மையில் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. அவர்கள் தாயாரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. விடியுமுன் எழுந்து போகிறவர், இரவு 8 மணிக்கெல்லாம் கண்ணயர்ந்துவிடுவார்.

ஒரு நாள் எங்கள் ஆச்சி அவரை அழைத்துப் பேசினார். “தண்ணீர் அஞ்சு மணிக்கே வந்துவிடுகிறதே. பயல் ஏன் பிடிக்கக் கூடாது?” என்று கேட்டார்.

“பயலைக் குடம் தூக்கவிட்டால் தெருவில் சிரிப்பார்கள், அத்தை” என்றார் அந்தத் தாயார்.

“சிரிக்கிறவர்கள் வந்து உன் மகளுக்குப் பரீட்சை எழுதிக் கொடுப்பார்களா?” என்றார் ஆச்சி.

அந்தத் தாயார் அப்போது பதில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் முதல் வேலைகள் மாற்றி வைக்கப்பட்டன. அண்ணன் விளையாடப் போகுமுன் சைக்கிளின் இருபுறமும் குடத்தைக் கட்டித் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறான். இரண்டு நாள் தெருவில் சிரித்தார்கள். மூன்றாம் நாள் எங்கள் தம்பியும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. அரிசியைத் தாயார் சாயங்காலம் கண்ணயருமுன் தாமே களைந்து வைத்துவிடுகிறார். சாப்பிட்ட பின் பாத்திரம் கழுவுவது தங்கையின் பொறுப்பு. மணி அடித்தால் இப்போது அவளும் பாயில் இருக்கிறாள்.

அவள் ஒரே நாளில் முதல் மாணவியாகிவிட்டாள் என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அரையாண்டுத் தேர்வில் ஆங்கிலத்தில் முன்பு வாங்கிய மதிப்பெண்ணையே வாங்கியிருக்கிறாள். அறிவியலில் 14 கூடியிருக்கிறது. சிவப்பு மைக் குறிப்பு மட்டும் செப்டம்பருக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. பின்னங்களைக் கழிப்பதில் இன்னும் தகராறுதான். பகுதி எண்களைச் சமமாக்காமலே கழித்துவிடுகிறாள். ஆனால் அதை இப்போது ஆறரை மணிக்கே என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறாள். மீண்டும் ஒரு முறை போட்டுப் பார்க்க நேரம் இருக்கிறது.